வாசகர் கேள்வி-பதில்: வலி ஊசியில் 'கால் எம்.எல்.' என்றால் எவ்வளவு?

வலி குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி ஆத்தூர், ஓமலூர், சேலம் நகரம், ஏற்காடு மலை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். வலி நிவாரணப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு கால்நடை மருத்துவர். எந்த மருந்து, எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியைப் பார்த்த மருத்துவர் மட்டுமே. அவர் எழுதிய அளவைப் பிழையில்லாமல் சிரிஞ்சுக்குள் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

கேள்வி: 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தீக்காயம். டாக்டர் மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) 1.2 மி.கி. நரம்பில் போடச் சொல்லி எழுதியிருந்தார். எங்களிடம் இருப்பது 1 மி.லி.யில் 15 மி.கி. உள்ள ஆம்பூல் (உடைத்துத் திறக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி). கணக்குப் போட்டால் 0.08 மி.லி. வருகிறது. 1 மி.லி. சிரிஞ்சில் எட்டுக் கோடு எடுத்துச் சலைன் சேர்த்துப் போட்டால் போதாதா? (செவிலியர், ஆத்தூர்)

உங்கள் கணக்கு சரி. கிலோவுக்கு 0.1 மி.கி. என்றால் 12 கிலோவுக்கு 1.2 மி.கி.; அதைப் 15ஆல் வகுத்தால் 0.08 மி.லி. ஆபத்து எடுக்கும் விதத்தில் இருக்கிறது.

சிரிஞ்சின் மூக்கிலும் ஊசியின் அடிக்கட்டையிலும் எப்போதும் கொஞ்சம் மருந்து தங்கும். கழற்றி மாட்டும் ஊசி உள்ள சாதாரண சிரிஞ்சில் இது 0.05 முதல் 0.1 மி.லி. வரை இருக்கும். கோடுகள் இந்த இடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டாவது கோடு வரை மார்ஃபினை இழுத்தீர்கள், மூக்கிலும் ஊசியிலும் இன்னொரு 0.07 மி.லி. நிற்கிறது என்று வையுங்கள். அப்படியே போட்டால் அந்த 0.07 உள்ளேயே தங்கிவிடும், தொல்லையில்லை. அதே சிரிஞ்சில் சலைனை இழுத்தால் தங்கியிருந்ததும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். மொத்தம் 0.15 மி.லி., அதாவது 2.25 மி.கி. எழுதியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! கணக்குப் போட்டவரும் சரி, சரிபார்த்தவரும் சரி, ஆனாலும் குழந்தையின் மூச்சு குறைகிறது. இந்தப் பிழை கேஸ் ஷீட்டில் எங்குமே தெரியாது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

0.1 மி.லி.க்குக் கீழே வரும் எந்த வலி மருந்தையும் நேரடியாக எடுக்க வேண்டாம். முதலில் நீர்க்கச் செய்யுங்கள்.

20 மி.லி. சிரிஞ்சில் நார்மல் சலைன் 14 மி.லி. எடுங்கள். பிஸ்டனை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்து, காற்றுக்கு இடம் விட்டு, மூக்கு மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். வேறொரு 1 மி.லி. சிரிஞ்சில் மார்ஃபினைச் சரியாக 1 மி.லி. கோடு வரை எடுத்து, அதன் ஊசியை எதிலும் படாமல் பெரிய சிரிஞ்சின் மூக்குக்குள் நுழைத்து மருந்தை விடுங்கள். இப்படிச் செய்யும்போது ஊசியில் தங்குவது சின்ன சிரிஞ்சிலேயே நின்றுவிடும். மூடி போட்டு, காற்றுக்குமிழி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும்படி பத்து முறையாவது தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கலக்காமல் விட்டால் மருந்து ஒரு பக்கமாகத் தங்கி, முதலில் எடுக்கும் 1 மி.லி.க்கும் கடைசியில் எடுக்கும் 1 மி.லி.க்கும் வீரியம் வேறுபடும். பிறகு காற்றை வெளியேற்றுங்கள். இப்போது 15 மி.லி.யில் 15 மி.கி.; 1 மி.லி.க்கு 1 மி.கி. உடனே லேபிள் ஒட்டுங்கள்: மருந்தின் பெயர், மொத்த மி.கி., மொத்த மி.லி., 1 மி.லி.யில் எவ்வளவு, குழந்தையின் பெயர், தேதி, நேரம், இருவர் கையெழுத்து.

அதிலிருந்து 1.2 மி.லி.யை ஒரு 2 மி.லி. சிரிஞ்சுக்கு மாற்றி, அதை மட்டும் படுக்கைக்கு எடுத்துச் செல்லுங்கள். 15 மி.கி. அடங்கிய பெரிய சிரிஞ்ச் குழந்தையின் பக்கத்தில் போகவே கூடாது. அவசரத்தில் யாராவது அதைக் கேனுலாவில் (நரம்பில் வைத்த குழாயில்) மாட்டினால் ஒரே அழுத்தில் முழுவதும் போய்விடும். மருந்தை ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுங்கள். கண் குழந்தையின் நெஞ்சில் இருக்கட்டும். ஆக்சிஜன், அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), நலாக்ஸோன் (மார்ஃபினை முறிக்கும் மருந்து) மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்த 0.1 கணக்கு பொருந்தாது. அளவு இன்னும் குறைவு, குழந்தைகள் தீவிர சிகிச்சை வசதியுள்ள இடத்தில்தான் போட வேண்டும்.

இன்னும் இரண்டு. மார்ஃபின் 10 மி.கி. ஆம்பூலும் வருகிறது, 15 மி.கி. ஆம்பூலும் வருகிறது, இரண்டும் 1 மி.லி.தான். பத்துக்கு 9 மி.லி. சலைன் சேர்த்துப் பழகிய கை, பதினைந்துக்கும் 9 சேர்த்துவிடும். அப்போது 1 மி.லி.யில் 1.5 மி.கி. இருக்கும். ஸ்டாக் மாறிய நாளில்தான் இது நடக்கும். ஆம்பூலை உடைக்கும் முன் ஒருமுறை, காலி ஆம்பூலைக் கையில் வைத்து ஒருமுறை என்று எழுத்தைப் படியுங்கள். மற்றது, 1 மி.லி. ஆம்பூலில் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே மருந்து இருக்கும். சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டு 'ஒரு ஆம்பூல், 15 மி.கி.' என்று எண்ணாதீர்கள். கோடுதான் கணக்கு. அந்தக் கோட்டையும் கறுப்பு ரப்பரில் ஊசிப் பக்கம் இருக்கும் விளிம்பை வைத்துப் படிக்க வேண்டும். பின்விளிம்பை வைத்துப் படித்தால் அளவு மாறிப்போகும்.

மிச்ச மருந்தை இன்னொருவர் முன்னிலையில் அழித்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். அடுத்த குழந்தைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது.

கேள்வி: சில டாக்டர்கள் 'கால் எம்.எல்.', 'அரை ஆம்பூல்' என்று வாய்வழியாகச் சொல்கிறார்கள். அப்படியே போடலாமா? (செவிலியர், ஓமலூர்)

போடாதீர்கள். எத்தனை மி.கி. என்று கேளுங்கள், தயக்கமே வேண்டாம். டைக்ளோபினாக் என்ற வலி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 75 மி.கி. மருந்து 3 மி.லி. ஆம்பூலிலும் வருகிறது, 1 மி.லி. ஆம்பூலிலும் வருகிறது. '1 எம்.எல். போடு' என்றால் ஒன்றில் 25 மி.கி., மற்றதில் 75 மி.கி. டிரமடால் 1 மி.லி.க்கு 50 மி.கி., கீட்டோரோலாக் 30 மி.கி., ஃபென்டனில் 50 மைக்ரோகிராம். மி.லி. என்பது இடம், மருந்து எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை.

எழுதும்போது அரை மி.கி.யை 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுதுங்கள்; '.5' என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். ஐந்தை 5 என்றே விடுங்கள், '5.0' என்று எழுதினால் 50 ஆகும். மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள். 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். இங்கே தவறினால் ஆயிரம் மடங்கு தவறு. போனில் ஆர்டர் வாங்கும்போது 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழும். 'ஒன்று, ஐந்து, பதினைந்து மி.கி.தானே டாக்டர்?' என்று தமிழில் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 1 மி.லி. சிரிஞ்ச் தீர்ந்துவிட்டால் இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கலாமா? இரண்டும் ஒரே அளவுதானே? (மருந்துக் கடை ஊழியர், அம்மாப்பேட்டை)

கூடாது. நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் புழங்குகிறது. சிவப்பு மூடி உள்ளதில் 40 யூனிட் சேர்ந்தால் 1 மி.லி.; ஆரஞ்சு மூடி உள்ளதில் 100 யூனிட் சேர்ந்தால் 1 மி.லி. '10' என்ற கோடு முதலாவதில் 0.25 மி.லி., இரண்டாவதில் 0.1 மி.லி. ஒரே எண், இரண்டரை மடங்கு வித்தியாசம். அந்தக் கோடுகள் இன்சுலினுக்காக மட்டுமே போடப்பட்டவை. வலி மருந்துக்கு 0.01 மி.லி. பிரிவு உள்ள டியூபர்குலின் சிரிஞ்ச் என்று கேட்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் மாத்திரை 10 மி.கி. நாலு மணி நேரத்துக்கு ஒன்று கொடுத்து வந்தோம், வலி அடங்கியிருந்தது. இப்போது விழுங்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸம்மா நெஞ்சுத் தோலுக்கடியில் சின்ன ஊசி வைத்து, 5 மி.கி. போட்டால் போதும் என்கிறார். பாதியாகக் குறைத்தால் வலி தாங்குமா? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? (மகள், நாகலூர், ஏற்காடு)

தாங்கும், பயப்படாதீர்கள். விழுங்கிய மார்ஃபின் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது; அங்கே ஒரு பெரும் பங்கு சிதைந்த பிறகுதான் மீதி இரத்தத்தில் கலக்கிறது. தோலுக்கடியில் போடுவது அந்த வழியில் போவதில்லை. அதனால் வாய்வழி அளவில் பாதி. அம்மா ஒரு நாளைக்கு ஆறு வேளை, 60 மி.கி. எடுத்தார், ஊசியில் அது 30 மி.கி., வேளைக்கு 5 மி.கி. நர்ஸம்மா சொன்னது சரியான கணக்கு. 10 மி.கி.யைக் குறைக்காமல் ஊசியில் போட்டிருந்தால் அதுதான் இரண்டு மடங்காகியிருக்கும்.

தயாரிப்பது அவர் வேலை. ஆனாலும் அவர் என்ன செய்கிறார் என்று நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. 15 மி.கி. ஆம்பூலில் 5 மி.கி. எடுக்க வேண்டுமென்றால் 0.33 மி.லி.; அந்தக் கோட்டில் நிறுத்துவது கடினம். ஆகவே 1 மி.லி. மருந்தோடு 2 மி.லி. சலைன் சேர்த்து 3 மி.லி. ஆக்குவார். இப்போது 1 மி.லி.யில் 5 மி.கி. வேளைக்கு ஒரு சிரிஞ்ச் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயரும் மி.கி.யும் நேரமும் எழுதி ஒட்டுவார். ஒரே இடத்தில் ஒரு தடவைக்கு 2 மி.லி.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதும் இதனால் எளிது. அதற்கு மேல் போனால் தோல் உப்பி வலிக்கும். தோலுக்கடியில் வைத்த அந்தச் சின்ன ஊசியின் (பட்டர்ஃபிளை ஊசி) குழாயில் கொஞ்சம் மருந்து நின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு வேளை மருந்துக்குப் பிறகும் அரை மி.லி. அளவு சலைனை மெதுவாகத் தள்ளுவார். இதை விட்டுவிட்டால் முதல் வேளை மருந்தில் ஒரு பகுதி அம்மாவுக்குப் போய்ச் சேராது. 'ஊசி போட்டும் வலி குறையலையே' என்று தோன்றும்.

நிரப்பிய சிரிஞ்சுகள் 24 மணி நேரத்துக்கு உண்டானவை மட்டும் இருக்கட்டும். பூட்டும் பெட்டியில், வெயில் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பிரிட்ஜ் தேவையில்லை.

நீங்கள் எண்ண வேண்டியது மூச்சு. அம்மா தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினால் கண் திறக்கிறாரா என்று பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போய், எழுப்பினாலும் எழாமல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் அடுத்த வேளையைப் போடாமல் உடனே நர்ஸம்மாவையும் 108ஐயும் அழையுங்கள். மலையில் வண்டி வந்துசேர நேரமாகும். சந்தேகம் வந்த உடனே கூப்பிடுவதுதான் சரி. கடைசி நாட்களில் மூச்சு விட்டு விட்டு வருவது நோயினாலும் வரும். அதை மருந்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, இப்போதே டாக்டரிடம் பேசி வையுங்கள்.

சிறுநீர் குறைந்தால் அதையும் சொல்லுங்கள். மார்ஃபின் சிதைந்து உண்டாகும் பொருட்களைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. அது தளர்ந்தால் அதே 5 மி.கி. உடலில் சேர்ந்துகொண்டே போகும். கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும், பேச்சு குழம்பும். டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது இடைவெளியைக் கூட்டுவார். ஊசி வைத்த இடம் சிவந்தாலோ தடித்தாலோ இடம் மாற்ற வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். 2014இல் போதைப் பொருள் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபினை அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்திருப்பது எளிதாக்கப்பட்டது. மருத்துவர் எழுதிய மார்ஃபினை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை; சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மிஞ்சிய ஆம்பூலைக் குப்பையில் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: மார்ஃபின் கூடிவிட்டால் நலாக்ஸோன் ஒரு ஆம்பூலையும் ஒரேயடியாகப் போடலாமா? (பயிற்சிச் செவிலியர், சேலம்)

மூச்சே நின்றுபோனவருக்கு வேறு கணக்கு. அங்கே அம்பு பேக்தான் முதலில். பல நாளாக மார்ஃபின் எடுப்பவருக்கு மூச்சு குறைந்திருக்கிறது என்றால் முழு ஆம்பூல் கொடுமை. அடக்கி வைத்த வலி அத்தனையும் ஒரே நொடியில் திரும்பும், இரத்த அழுத்தம் எகிறும். 0.4 மி.கி. உள்ள 1 மி.லி. ஆம்பூலோடு 9 மி.லி. சலைன் சேர்த்தால் 1 மி.லி.யில் 40 மைக்ரோகிராம். டாக்டர் சொற்படி 1 முதல் 2 மி.லி., இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. மூச்சு பத்தைத் தொட்டால் நிறுத்திக்கொள்ளலாம். விழித்து உட்கார வேண்டியதில்லை. நலாக்ஸோனின் வேலை மார்ஃபினுக்கு முன்பே முடிந்துவிடும், ஆகவே மூச்சு மறுபடி குறையக்கூடும். பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: குழந்தைக்குப் பாராசிட்டமால் பாட்டிலை மாட்டி, அளவு வந்ததும் நிறுத்துவது சரிதானே? (நர்சிங் மாணவி, சேலம்)

சரியில்லை. 100 மி.லி. பாட்டிலில் 1000 மி.கி. இருக்கிறது, 1 மி.லி.க்கு 10 மி.கி. 8 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி. என்றால் 60 மி.கி., அதாவது 6 மி.லி. கேஸ் ஷீட்டில் வெறும் '60' என்று இருந்து, ஒருவர் அதை மி.லி. என்று படித்தால் 600 மி.கி. போய்விடும். கல்லீரல் தாங்காது. இந்தப் பத்து மடங்குத் தவறு உலகம் முழுக்க நடந்து பதிவாகியிருக்கிறது. பாட்டிலை மாட்டிவிட்டு வேறு படுக்கைக்குப் போய்விட்டாலும் கதை அதேதான். பாட்டிலிலிருந்து 6 மி.லி.யைச் சிரிஞ்சில் எடுத்து, 15 நிமிடத்தில் போகுமாறு கொடுங்கள். பாட்டில் குழந்தையின் ஸ்டாண்டில் ஏறவே வேண்டாம். 10 கிலோவுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு நாள் உச்சவரம்பு கிலோவுக்கு 30 மி.கி. வீட்டில் அம்மா காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்தாரா என்று கேட்டு அதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: தையல் போடும் இடத்தை மரக்கச் செய்யும் லிக்னோகெயினில் 2% என்று மட்டும் இருக்கிறது. மி.கி. எப்படிக் கண்டுபிடிப்பது? (சுகாதார நிலையச் செவிலியர், வாழப்பாடி)

சதவீதத்தைப் பத்தால் பெருக்குங்கள், 1 மி.லி.யில் உள்ள மி.கி. வந்துவிடும். 2% என்றால் 20 மி.கி. அட்ரினலின் கலக்காததற்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்று வைத்துக்கொண்டால் 10 கிலோ குழந்தைக்கு 30 மி.கி.; அது வெறும் 1.5 மி.லி. காயம் நீளமாக இருந்தால் இது பற்றாது. 'இன்னும் கொஞ்சம்' என்று ஏற்றுவதற்குப் பதில், சம அளவு சலைன் சேர்த்து 1% ஆக்குங்கள். அதே 30 மி.கி. இப்போது 3 மி.லி.யாகப் பரவும். மருந்தை விடும் முன் பிஸ்டனைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பாருங்கள். உதடு மரத்துப்போவது, காதில் இரைச்சல், தசைத் துடிப்பு இவை வலிப்புக்கு முன் அறிகுறிகள்.

கேள்வி: காபித் தோட்டத்துக் காவல் நாய்க்குக் காலில் அடி. மருந்துக் கடையில் டைக்ளோபினாக் ஊசி இருக்கிறது, கொஞ்சமாகப் போடலாமா? மாட்டுக்கு? (வாசகர், வெள்ளக்கடை, ஏற்காடு)

இரண்டுக்கும் வேண்டாம். நாய்க்கு அது இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டுக்குப் போட்டால், அந்த மாடு செத்து அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு சிறுநீரகம் செயலிழந்து சாகும். அதனால்தான் 2006இல் கால்நடை டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்பட்டதால் 2015இல் அவற்றையும் நிறுத்தி, ஒரு வேளைக்கான 3 மி.லி. அளவோடு கட்டுப்படுத்தினார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. தமிழ்நாட்டில் மோயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகள் நம் கையில் இருக்கின்றன.

கழுகைக் கொல்லாத மருந்து மெலாக்சிகாம். நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி. 9 கிலோ நாய்க்கு 1.8 மி.கி.; 1 மி.லி.யில் 5 மி.கி. உள்ள குப்பியில் 0.36 மி.லி. பெரிய கால்நடைக்கென 20 மி.கி. உள்ளதும் உண்டு, அதில் அதே அளவு 0.09 மி.லி.தான், நாய்க்கு அந்தக் குப்பியைத் திறக்கவே வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்து எடை பாருங்கள். கண் மதிப்பு பெரும்பாலும் தவறும். வாந்தி, பேதி, தண்ணீர் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது இவை இருந்தால் இந்த ஊசியும் கூடாது. ஸ்டீராய்டு போட்டிருந்தாலும் கூடாது. முதலில் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும், கால் முறிந்திருக்கலாம். வீட்டில் பூனை இருந்தால் அதற்கு மட்டும் பாராசிட்டமால் எந்த உருவிலும் கொடுக்காதீர்கள், அரை மாத்திரையே கொன்றுவிடும்.

பல வேளைக் குப்பியின் ரப்பர் மூடியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகே புது ஊசியால் குத்துங்கள். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். லேபிளில் வேறு கெடு இல்லையென்றால் 28 நாள் கழித்து, மருந்து மிச்சமிருந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.